தனுஷ்கோடியில் எஞ்சி நிற்பவை: ஓர் ஊர் எப்படி இடிபாடாகிறது?

கூரை இல்லாத தேவாலயமும், தண்டவாளம் இல்லாத ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களும் தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் படம்பிடிக்கப்படும் இடிபாடுகளில் அடங்கும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் தனுஷ்கோடிக்குச் செல்வோர் பெருகினர். டிசம்பர் பிறந்து 1964-ஆம் ஆண்டுப் புயலின் நினைவு நாள் நெருங்கும்போதெல்லாம் அந்தப் படங்கள் மீண்டும் சுற்றுக்கு வருகின்றன. கூடவே சில கேள்விகளும் வருகின்றன. ஊரையே அடித்துச் சென்ற புயலில் சில சுவர்கள் மட்டும் எப்படி நின்றன? அறுபது ஆண்டுகளாக அவற்றை யாரும் செப்பனிடாமலும் இடித்துத் தள்ளாமலும் விட்டது ஏன்? ஆளில்லா ஊர் என்றால் அங்கே மீன் பொரித்து விற்பவர்கள் யார்? இத்தனை பேர் இறந்த இடம் பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்வது முறைதானா?

இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத்தான் விளக்க முடியும். புயலோ போரோ ஓர் ஊரை ஒரே இரவில் அழித்துவிடலாம். இடிபாடு அப்படி ஓர் இரவில் உருவாவதில்லை. நிகழ்வு ஒன்று நடக்கவேண்டும், அதன்பின் திரும்பிப் போவதில்லை என்று யாரேனும் தீர்மானிக்கவேண்டும், பிறகு கல்லும் மரமும் இரும்பும் தத்தம் வேகத்தில் சிதைய நீண்ட காலம் அனுமதிக்கப்படவேண்டும். நாம் அழகு என்று காண்பது இந்த மூன்றாம் படியின் நடுவில் வரும் ஒரு கட்டத்தை.

மணல்மேல் ஒரு துறைமுகம்

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு மூலையிலிருந்து இலங்கையை நோக்கி நீண்டு கிடக்கும் மணல்திட்டில் அமைந்தது தனுஷ்கோடி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அலை அடங்கிய வடபுறத்தை மீனவர்கள் பெண் கடல் என்றும், சீற்றம் மிகுந்த தென்புறத்தை ஆண் கடல் என்றும் அழைக்கின்றனர். திட்டின் கோடியான அரிச்சல்முனையைத் தாண்டினால் கடலுக்குள் சிறுசிறு மணல்திட்டுகள். அவற்றுக்கு அப்பால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார்.

இத்தகைய இடத்தில் அரசாங்கக் கட்டடங்கள் எழுந்ததற்கு ஒரே காரணம் போக்குவரத்து. அதற்குமுன் சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் சென்றனர். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இந்தப் பாதை மாறியது. போட் மெயில் எனப்பட்ட ரயில் தனுஷ்கோடித் துறைவரை சென்றது. இர்வின், கோஷன் போன்ற நீராவிக் கப்பல்கள் சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து பயணிகளைத் தலைமன்னாரில் இறக்கின. அங்கே கொழும்பு ரயில் காத்திருந்தது. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு வரை செல்லுபடியானது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம், ஊழியர் குடியிருப்பு ஆகிய அனைத்தும் இந்தப் போக்குவரத்தைச் சுற்றி வளர்ந்தவை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு மண்டபம் முகாம் வழியாக அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கடலேறியதும் இங்கேதான்.

தனுஷ்கோடி தன் நிலத்தில் விளைந்ததைக் கொண்டு வாழ்ந்த ஊராக இருக்கவில்லை. ஒரு பாதையின் கண்ணியாக இருந்ததால் வளர்ந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1964 டிசம்பர் 22, இரவு

டிசம்பர் நடுப்பகுதியில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் கடும் புயலாக வலுப்பெற்று, 22-ஆம் தேதி இலங்கையின் வட பகுதியைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. அழிவின் பெரும்பகுதியைச் செய்தது காற்றைவிடப் புயல் எழுப்பிய கடல்தான். புயலின்போது காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆழமான கடலில் அப்படித் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பி ஓடிவிடும். பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவான ஆழமுடையது என்பதால் அதற்கு இடமில்லை; நீர்மட்டமே உயர்கிறது. இதற்குப் புயல் எழுச்சி என்று பெயர். தனுஷ்கோடியில் அன்று எழுந்த அலைகள் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. இரு கடல்களுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் மணல்திட்டுக்கு அந்த உயரம் மிக அதிகம்.

அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடலால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த எவரும் பிழைக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாகப் புயலில் இறந்தோர் எண்ணிக்கை சுமார் 1,800 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. ரயிலின் கதையே அதிகம் சொல்லப்படுகிறது. ஆனால் குடிசைகளில் உறங்கியிருந்தவர்களுக்குப் பயணிகள் பட்டியல் போன்ற எந்த ஆவணமும் இல்லாததால், இத்தகைய எண்ணிக்கைகள் எப்போதும் மதிப்பீடாகவே இருக்கும்.

கைவிட்டது கடலா, அரசா?

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது என்று சொல்லும் வழக்கம் பாதி உண்மையையே கூறுகிறது. அதே புயல் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்களையும் கடலில் வீழ்த்தியது. அந்தப் பாலம் 46 நாளில் சீரமைக்கப்பட்டது. பின்னாளில் மெட்ரோ ரயில் திட்டங்களால் புகழ்பெற்ற இ. ஸ்ரீதரன் அந்தப் பணியை நடத்தினார். மறுபுறம், தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசு அறிவித்தது. ஒரே புயல், ஒரே தீவு. ஒன்று மீட்கப்பட்டது, மற்றொன்று விடப்பட்டது. இதற்கான காரணங்களைப் பின்வருமாறு பிரித்துப் பார்க்கலாம்.

1. பாலம் இல்லாவிட்டால் இராமேசுவரம் தீவு முழுவதும் துண்டிக்கப்பட்டிருக்கும். பல நூற்றாண்டுகளாக யாத்திரிகர் வரும் கோயில் நகரம் அது. தனுஷ்கோடி இல்லாவிட்டால் ஒரு கப்பல்துறை மட்டுமே குறையும்.

2. அந்தத் துறைக்கும் மாற்று இருந்தது. தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படத் தொடங்கி 1980-களின் முற்பகுதி வரை ஓடியது. இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்பதற்கான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. புயல் வந்தது அதன்பின் எட்டு வாரத்துக்குள். அந்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள், அவர்களின் முன்னோர் கடலேறிய துறையில் இறங்க வாய்ப்பின்றி, இராமேசுவரத்தில் இறங்கினர்.

3. துறை நகர்ந்ததும் சுங்க அலுவலகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அஞ்சலகத்துக்கும் அங்கே வேலையில்லாமல் போயிற்று. இவை அரசுத் துறைகளின் கட்டடங்கள். திரும்பி வந்து தன் வீட்டை எடுத்துக் கட்டும் குடும்பம் போன்ற உரிமையாளர் அவற்றுக்கு இல்லை.

4. கைவிட்ட கட்டடம் நிலைத்திருப்பதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. நம் ஊர்களில் ஆளில்லாத வீட்டின் கல், கதவு, நிலை, உத்தரம் அனைத்தும் சில ஆண்டுகளில் வேறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே, வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017 வரை முறையான சாலை கிடையாது. மணலில் செல்லும் வேன்களும் ஜீப்புகளும்தான். கனமான கல்லை அவ்வழியே கொண்டுசெல்வது கட்டுப்படியாகாதது, சுவர்கள் நிற்பதற்கு ஓரளவு காரணமாக இருந்திருக்கவேண்டும்.

எது முதலில் விழுகிறது?

ஒரு கட்டடம் ஆளின்றி விடப்பட்டதும் அதன் பொருள்கள் ஒரே வேகத்தில் அழிவதில்லை. தனுஷ்கோடியின் இன்றைய தோற்றத்தை விளக்குவது இந்த வேக வேறுபாடுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

1. கூரை. கட்டடத்தின் வாழ்நாள் கூரையின் வாழ்நாள் என்றே சொல்லிவிடலாம். ஓடு ஒன்று நழுவினால் மழை கைம்மரத்தில் இறங்கும். மரம் உளுத்தால் விட்டம் இறங்கும். விட்டம் இறங்கினால் சுவரின் தலைப்பகுதி மழைக்கும் வெயிலுக்கும் திறந்துவிடும். இந்த வரிசையைத் தமிழ்ப் புலவர்கள் நன்கு கவனித்திருந்தனர். அகநானூற்றின் 167-ஆம் பாடல், வில்லேந்திய ஆறலை கள்வருக்கு (வழிப்பறிக்காரருக்கு) அஞ்சி மக்கள் வெளியேறிய ஓர் ஊரைக் காட்டுகிறது. பீர்க்கு படர்ந்த அந்தப் பாழூரில் யானை தன் முதுகை உரசுகிறது. செங்கல் சுவர்மேலிருந்த விட்டம் விழுகிறது. மாடத்துப் புறாக்கள் வெளியேறுகின்றன. சுவரில் எழுதப்பட்டிருந்த தெய்வமும் போய்விடுகிறது. மெழுகப்படாத திண்ணையில் குட்டி ஈன்ற நாய் கிடக்கிறது. கூரையைக் கறையான் மூடுகிறது. பிரிவைப் பற்றிய அகப்பாடலுக்குள் வரும் இந்தப் பகுதியை, கட்டடச் சிதைவின் துல்லியமான குறிப்பாகவும் வாசிக்கலாம். தனுஷ்கோடியில் யானையின் வேலையையும் கறையானின் வேலையையும் ஒரே இரவில் கடலும் காற்றும் செய்துவிட்டன.

2. இரும்பு. கடற்காற்றில் கலந்த உப்பு, குறிப்பாக அதன் குளோரைடு, இரும்பைத் துரிதமாக அரிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பலமடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் அந்த வீக்கம் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. சுவருக்குள் இரும்பு இல்லாத பழைய கட்டுமானத்துக்கு இந்த நோய் வருவதில்லை.

3. பவளக்கல்லும் சுண்ணாம்பும். தேவாலயச் சுவர்களில் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைக் கற்களைக் காணலாம். அக்காலத்தில் மன்னார் வளைகுடாக் கரையோரம் இது சாதாரணமான கட்டுமானப் பொருள். பவளம் என்பது சிறு கடலுயிரிகள் சேர்ந்து கட்டும் கால்சியம் கார்பனேட் கூடு. வெட்டுவதற்கு எளிது, எடை குறைவு, நுண்துளைகள் நிறைந்தது. சுண்ணாம்புச் சாந்தும் வேதியியல்படி அதே பொருள்தான்: சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை மெல்ல உள்வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கல்லும் சாந்தும் ஓரினம் என்பதால் வெயிலிலும் ஈரத்திலும் ஏறக்குறைய சேர்ந்தே விரிந்து சுருங்குகின்றன. அன்றைய நீர்த்தாக்குதலில் சில சுவர்கள் நின்றதற்குச் சுவரின் தடிமனும் நீர் புகுந்து வெளியேறும் அகன்ற வாயில்களும் உதவியிருக்கலாம். அதன்பின் அறுபது ஆண்டுகள் நின்றதற்கு இந்த ஒற்றுமை ஒரு காரணம்.

4. உப்பு. சுவர்களை இப்போது மெல்லத் தின்றுகொண்டிருப்பது இதுதான். மணலிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. அலைத்துளிகள் வெளியே படிகின்றன. இரண்டும் உப்பைக் கொண்டுவருகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானே கரைந்து நீராகிறது. அதற்குக் கீழே இறங்கும்போது மீண்டும் படிகமாகிறது. கடற்கரையில் இரவிலும் விடியலிலும் இந்த எல்லை தாண்டப்படுவதும், நண்பகலில் ஈரப்பதம் அதற்குக் கீழே வருவதும் இயல்பு. எனவே கல்லின் நுண்துளைக்குள் உப்பு மாறிமாறிக் கரைந்து படிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை படிகம் வளரும்போதும் துளையின் சுவரை நெருக்குகிறது. மேற்பரப்பு மாவாக உதிர்கிறது. உதிர்ந்ததைக் காற்று கொண்டுசெல்கிறது. உப்பு அடுத்த அடுக்குக்குப் போகிறது. நிழற்படங்களில் மிக அழகாகத் தெரியும் அந்தச் சொரசொரப்பான, குழிவிழுந்த மேற்பரப்பில் ஒரு பகுதி பவளத்தின் பிறவி அமைப்பு; மறு பகுதி இந்த உப்பின் வேலை. இரண்டையும் படத்தில் பிரித்தறிவது கடினம்.

5. அடித்தளம். சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதன்கீழ் இருப்பது மணல். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் காற்று திசைமாறி மணலை இடம்பெயர்க்கிறது. ஒருபுறம் அடிமானம் வெளிப்பட்டால் சுவர் சாய்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

வேறு மண்ணில் வேறு சிதைவு

இடிபாடுகள் ஒன்றுபோல் தோன்றினாலும், தட்பவெப்பமும் கட்டுமானப் பொருளும் மாறும்போது அவற்றின் தோற்றமும் ஆயுளும் மாறுகின்றன. உலகில் அதிகம் பேசப்படும் மூன்று ஊர்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

நமீபியப் பாலைவனத்தின் கோல்மன்ஸ்கோப், 1908-இல் வைரம் கிடைத்ததால் எழுந்து, 1956-க்குள் ஆளின்றிப் போன ஜெர்மானியர் குடியேற்றம். மழை மிக அரிது என்பதால் கதவு, நிலை, சுவர்ச் சாயம்கூட அழியாமல் இருக்கின்றன; சன்னல் உயரத்துக்கு மணல் மட்டும் அறைகளை நிறைத்திருக்கிறது. உக்ரைனின் பிரிப்யாத், 1970-இல் தொடங்கப்பட்டு, செர்னோபில் அணு உலை வெடித்ததற்கு மறுநாள், 1986 ஏப்ரல் 27 அன்று காலிசெய்யப்பட்டது. ஏறத்தாழ 49,000 பேர் வாழ்ந்த நகரம். அங்கே தட்டையான கூரைகளில் தேங்கும் நீர் குளிர்காலத்தில் உறைகிறது, உறையும் நீர் 9 விழுக்காடு விரிகிறது, வெடிப்பு வளர்கிறது, அதில் மரம் முளைக்கிறது.

தனுஷ்கோடியோடு ஒப்பிட மிகவும் பொருத்தமானது ஜப்பானின் ஹாஷிமா. நாகசாகிக்கு அருகில் சுமார் 6 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நிலக்கரித் தீவை 1890-இல் மிட்சுபிஷி நிறுவனம் வாங்கியது. 1916-இல் அங்கே எழுந்த ஏழு மாடிக் குடியிருப்பு, ஜப்பானின் தொடக்ககால வலுவூட்டிய கான்கிரீட் அடுக்குமாடிகளில் ஒன்று. 1959-இல் 5,259 பேர் வாழ்ந்தனர். எரிபொருளாக நிலக்கரியின் இடத்தைப் பெட்ரோலியம் பிடித்ததால் 1974-இல் சுரங்கம் மூடப்பட்டு, சில மாதங்களுக்குள் தீவு காலியானது. இங்கும் கடல், இங்கும் உப்பு. ஆனால் கட்டுமானம் கம்பி வைத்த கான்கிரீட். மேலே சொன்ன துருவின் வீக்கம் அங்கே தளம் தளமாகக் கட்டடங்களைச் சரியவைக்கிறது.

ஹாஷிமாவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொரியர்களும் சீனர்களும் அங்கே கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டனர். 2015-இல் ஜப்பானின் மெய்ஜி காலத் தொழில் மரபிடங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்க்கப்பட்டபோது, பலர் தம் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டனர் என்பதை ஜப்பான் ஒப்புக்கொண்டது. ஆனால் அதைப் பார்வையாளர்க்கு விளக்குவதில் போதிய முன்னேற்றம் இல்லை என்று உலக மரபுக் குழு 2021-இல் வருத்தம் தெரிவித்தது. வெற்று சன்னல்களின் வரிசையைக் காட்டும் படம் எதுவும் இந்தச் சர்ச்சையைச் சொல்வதில்லை.

அழகு எங்கிருந்து வருகிறது?

ஆஸ்திரியக் கலை வரலாற்றாளர் அலோய்ஸ் ரீகல் 1903-இல் முன்வைத்த ஒரு பாகுபாடு இங்கே பயன்படும். பழைய கட்டடங்களுக்கு நாம் தரும் மதிப்பை அவர் பலவாகப் பிரித்தார். அவற்றுள் இரண்டு போதும். ஒன்று வரலாற்று மதிப்பு: அந்தக் கட்டடம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது, யார் எதற்காகக் கட்டினர் என்பதிலிருந்து வருவது. மற்றொன்று பழமை மதிப்பு: அது தேய்ந்திருக்கிறது, காலம் அதன்மேல் நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டதும் எழுவது. முதலாவதற்குப் படிப்பு வேண்டும். இரண்டாவதற்கு எதுவும் தெரிந்திருக்கவேண்டியதில்லை. போட் மெயிலைப் பற்றிக் கேள்விப்படாதவரும் அந்தத் தேவாலயச் சுவருக்கு முன் சற்று நேரம் பேசாமல் நிற்பார்.

இரண்டும் எதிரெதிரான கோரிக்கைகளை வைக்கின்றன என்பதுதான் ரீகலின் முக்கியமான கருத்து. வரலாற்று மதிப்பு, சிதைவு இந்த இடத்தோடு நிற்கட்டும் என்கிறது. இல்லையேல் சான்று போய்விடும். பழமை மதிப்போ சிதைவையே விரும்புகிறது. புதுப்பூச்சு பூசினால் அது மறைந்துவிடும். தனுஷ்கோடியைச் செப்பனிடவேண்டும் என்போரும், அப்படியே விட்டுவிடவேண்டும் என்போரும் ஒரே சுவரின் இருவேறு மதிப்புகளைப் பற்றிப் பேசுகின்றனர் என்று கொண்டால் அந்த வாதம் பாதி தெளிவாகிவிடும்.

பழமை மதிப்புக்கு ஒரு கால எல்லை இருப்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். புயல் முடிந்த வாரத்தில் எடுத்த படங்களில் எவரும் அழகு காணவில்லை. அன்று கிடந்தவை உடைந்த பொருள்கள், உடல்கள், தேடும் உறவினர்கள். சுவர் முழுவதும் மணலாகிவிட்ட பிறகும் அழகு இருக்காது. வெறும் கடற்கரைதான் இருக்கும். துயரம் நேரடியாக உறுத்தாத அளவுக்குத் தள்ளியும், கட்டடத்தின் வடிவத்தைக் கண் இன்னும் நிறைவுசெய்துகொள்ளும் அளவுக்கு அருகிலும் இருக்கும் இடைக்காலம் அது. வளைவு பாதி இருந்தால் மீதியை நாமே வரைந்துகொள்கிறோம். அடிக்கல் மட்டும் இருந்தால் வரைய முடியாது. தனுஷ்கோடி இப்போது அந்த இடைக்காலத்தில் இருக்கிறது. இறந்தோரின் பிள்ளைகள் பலர் இன்றும் உயிருடன் இருப்பதால், அழகு என்று சொல்வதில் ஒரு கூச்சம் இருப்பது நியாயமே. அந்த அழகைக் காண்பது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அதை மட்டும் கண்டு திரும்புவதுதான் குறை.

படத்தில் விடுபடுபவை

இடிபாடு கடந்த காலத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. எது தடித்த சுவரால் கட்டப்பட்டதோ அதை மட்டும் காட்டுகிறது. தனுஷ்கோடியில் மிஞ்சியவை தேவாலயம், ரயில்வே, அஞ்சலகம் போன்ற நிறுவனங்களின் கட்டடங்கள். சுமை தூக்கியவர்களும் மீனவர்களும் வாழ்ந்த ஓலைக் குடிசைகளில் ஒன்றுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. இறந்தோரில் பெரும்பகுதியினர் எவ்வகை வீடுகளில் இருந்திருப்பர் என்பதை எண்ணிப்பார்த்தால், நாம் நினைவுச்சின்னமாகப் பார்க்கும் சுவர்கள் அந்த இரவை எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பது புரியும்.

ஆளில்லா ஊர் என்ற பெயரும் அப்படிப்பட்டதே. வாழத் தகுதியற்றது என்ற அறிவிப்புக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. கம்பிப்பாடு, பாலம் என்னும் பெயருடைய பகுதிகளில் ஓலையும் தகரமும் கொண்டு வீடமைத்தன. மின்கம்பி வராத அந்த இடத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். கரைவலை இழுப்பது இன்றும் நடக்கிறது. குடிநீருக்கு மணலில் ஆழமில்லாத ஊற்று தோண்டுகின்றனர். இறங்கிய மழைநீர், எடை குறைந்ததால், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்பதே அந்த நன்னீர். ஊற்றை ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பது அங்குள்ள எவருக்கும் தெரிந்த செய்தி. சங்குப் பொருள் விற்பவர்களும் மீன் பொரிப்பவர்களும் பெரும்பாலும் இக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பயணிகளின் படங்களில் சட்டகத்துக்கு வெளியே நிற்கும்படி வேண்டப்படுபவர்களும் அவர்களே.

மனிதரைத் தவிர்த்த வரவும் உண்டு. மணல்திட்டை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்புக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு அப்பகுதியில் சுமார் 524 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. துறைமுகம் செயல்பட்டுக்கொண்டிருந்தால் இந்த அறிவிப்புக்கு இடமிருந்திருக்குமா என்பது ஐயமே.

இனி உள்ள வழிகள்

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் இருப்புப்பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது; பாதை வரவில்லை. ஊரை மீண்டும் கட்டும் பேச்சு இப்போதைக்கு இல்லை என்றே கொள்ளலாம். எஞ்சிய சுவர்களைப் பொறுத்தவரை நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

1. அப்படியே விடுவது. செலவில்லை, பழமை மதிப்பு இறுதிவரை இருக்கும். ஆனால் சாலை வந்தபின் சிதைவின் வேகம் காற்றையும் உப்பையும் மட்டும் பொறுத்ததாக இல்லை. சுவரில் ஏறிப் படமெடுப்பதும், பெயர் செதுக்குவதும், பவளத்துண்டைப் பெயர்த்துச் செல்வதும் அதில் சேர்ந்துவிட்டன. விட்டுவிடுவது என்பது இப்போது பயணிகளிடம் விட்டுவிடுவது.

2. பாதுகாக்கப்பட்ட சின்னமாக்குவது. 1958-இன் மத்தியச் சட்டம், தொன்மைச் சின்னம் என்பதற்குக் குறைந்தது 100 ஆண்டு பழமையை நிபந்தனையாக வைக்கிறது. பாலம் திறந்த ஆண்டையொட்டிக் கட்டப்பட்டவை அந்த வரம்பை அண்மையில்தான் எட்டின. பிற்காலத்தில் கட்டியவை இன்னும் காத்திருக்கவேண்டும். ஊரை ஒரே தொகுதியாகக் கருதாமல் கட்டடம் கட்டடமாகப் பார்த்தால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் போகும் விசித்திரம் நேரும்.

3. நிறுத்திவைப்பது. புதிதாகக் கட்டாமல், சுவரின் திறந்த தலைப்பகுதியை நீர் புகாதபடி மூடி, சாயும் இடத்துக்கு முட்டுக்கொடுத்து, உதிர்ந்த சாந்தை மட்டும் மாற்றி, இன்றுள்ள நிலையிலேயே நீடிக்கச் செய்வது. என் பார்வையில் ஏற்கத்தக்கது இதுதான். ஆனால் மூன்றில் மிகக் கடினமானதும் இதுவே.

கடினம் பொருளிலிருந்து வருகிறது. விழுந்த பவளக்கல்லுக்குப் பதிலாக வைக்கப் புதிய பவளக்கல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஒரு காலத்தில் வண்டி வண்டியாக வெட்டப்பட்ட கல், இன்று புலிக்குரிய அதே பாதுகாப்பைப் பெற்ற உயிரினம். ஆகவே அங்கேயே உதிர்ந்து கிடக்கும் கற்களை எண்ணிட்டுச் சேகரித்து, மீண்டும் அவற்றையே பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படியானால் மணலில் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் பழுதுபார்ப்புக்கான இருப்பு. அதைப் பயணி ஒருவர் நினைவுக்காகப் பையில் போட்டுச் சென்றால் ஈடுசெய்ய முடியாது.

சாந்திலும் அதே எச்சரிக்கை தேவை. கைக்கெட்டும் சிமெண்டைக் கொண்டு வெடிப்பை அடைப்பது எளிதாகத் தோன்றும். சிமெண்ட் பவளக்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் வெளிவிடாதது. சுவருக்குள் ஏறிய உப்புநீர் சாந்தின் வழியே ஆவியாக முடியாமல் கல்லின் வழியே வெளியேறும். உப்பு அங்கேயே படியும். சில ஆண்டுகளில் சிமெண்ட்டுக் கோடுகள் துருத்தி நிற்க, நடுவிலுள்ள கற்கள் குழிந்துபோகும். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது என்பதால் முதலில் அதுவே உதிர்ந்து கல்லைக் காக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிப் பூசவேண்டும். அதைச் செய்யக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, பதம் பார்த்துக் குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் வேண்டும். செட்டிநாட்டிலும் பழைய கோயில் திருப்பணிகளிலும் அத்தகையோர் இன்னும் வேலை செய்கின்றனர். தனுஷ்கோடிக்கான எந்தத் திட்டமும் அவர்களுக்கான கூலியையும், ஆண்டுதோறும் தொடரும் பராமரிப்புச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்கவேண்டியிருக்கும்.